ஆட வைத்த குரல்

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு நம் இல்லம் வந்த இளைஞர் இருவரும், வழக்கம்போலச் சிலம்பைப் பற்றியோ குறளைப் பற்றியோ நாம் எழுதித் தருவோம் என்றே எண்ணியிருப்பர். ஆண்டுதோறும் அவ்வாறே எழுதி வந்தோம். அல்சூர் ஏரிக்கரையில் 1950 முதல் இயங்கி வரும் நம் சங்கத்தில் அரங்கேற்று காதையை எத்தனை முறை விரித்துரைத்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. இம்முறை அக்காதையைச் சிறிதே தொட்டுவிட்டு, நம் காலத்தில் புகழ் பெற்ற ஒரு பாடகியைப் பற்றியும், பாடவிடாமல் நாம் தடுத்த வேறொரு பாடகியைப் பற்றியும் எழுதத் துணிந்தோம். முன்னவரை உலகம் அறியும். பின்னவரை நம் குடும்பத்தார் மட்டுமே அறிவர்.

மாதவி ஐந்தாம் வயதில் ஆடல் பயிலத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் ஏறினாள் என்பது இளங்கோவடிகள் தரும் செய்தி. அவளுக்கு முன்பாக ஆடலாசானும் இசையாசிரியனும் கவிஞனும் தண்ணுமை முதல்வனும் குழலோனும் யாழாசிரியனும் வரிசையாக வந்து நிற்பர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இலக்கணம் உண்டு. அரங்கின் அளவும் விளக்கின் நிலையும் கூட விடுபடவில்லை. ஆடி முடித்தவளுக்குத் தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் கிடைத்தன. ‘ஆடலையும் பாடலையும் இவ்வளவு உயர்த்திப் பேசிய இனம் வேறுண்டோ!’ என்று மேடையில் நாம் முழங்கிய போதெல்லாம் கைதட்டல் எழுந்தது. நாமும் மகிழ்ந்து அமர்ந்தோம்.

1983ஆம் ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பெரியவர் ஒருவர் நம் வீட்டுக் கதவைத் தட்டினார். காக்ஸ் டவுன் பகுதியில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர். அறுபதைக் கடந்தவர். கையில் தொப்பி. சட்டை பழையதாயினும் கசங்கலின்றி மடிப்போடு இருந்தது. தாம் ஒரு பெரிய ஓட்டலில் பியானோ வாசிப்பதாகவும், அங்குள்ள இசைக்குழுவுக்குத் தாமே தலைவர் என்றும் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். கண்டோன்மென்ட் தமிழ் அவருக்கு நன்றாகவே வந்தது. நம் அக்காளின் மகள் கல்லூரி விழாவொன்றில் பாடியதை அவர் கேட்டிருக்கிறார். சனிக்கிழமை இரவுகளில் மட்டும் அவள் தம் குழுவோடு பாட இயலுமா என்று கேட்கவே வந்திருந்தார். ஓர் இரவுக்கு நூறு ரூபாய் தருவதாகவும், மாலையில் காரில் அழைத்துச் சென்று பத்தரை மணிக்குள் வீட்டு வாயிலில் கொண்டுவந்து விடுவதாகவும், தம் மனைவியும் உடன் வருவார் என்றும் கூறினார்.

அக்காளின் கணவர் இளவயதிலேயே மறைந்தமையால் அக்காளும் அப்பெண்ணும் நம்மோடு இருந்தனர். தாய்மாமன் என்னும் உறவு தந்தையின் இடத்தையும் நமக்குத் தந்திருந்தது. அப்போது நமக்கு வயது முப்பத்தெட்டு. பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கர் வேலை. மாலையில் சங்கப் பணி. பெரியவருக்கு நம் இல்லாள் காபி கொடுத்தாள். அவர் அதை அருந்தி முடிக்கும் வரை பொறுத்திருந்து, “எங்கள் வீட்டுப் பெண்கள் ஓட்டலில் பாடுவதில்லை” என்றோம். அவர் மறுத்தொன்றும் பேசவில்லை. காபிக்கு நன்றி கூறி, டம்ளரைத் தாமே எடுத்துச் சென்று திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டு, தொப்பியை அணிந்துகொண்டு படியிறங்கினார். அடுக்களைக் கதவின் பின்னே அவள் நின்றிருந்தாள் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தேதான் சற்று உரக்கச் சொன்னோம்.

அவள் அழவில்லை. சண்டையிடவும் இல்லை. மறுமாதம் தட்டச்சு வகுப்பில் சேர்ந்தாள். இரண்டாண்டு கழித்து வங்கித் தேர்வு எழுதி வேலைக்குச் சென்றாள். வீட்டில் அவள் பாடுவது நின்று போயிற்று. நவராத்திரிக் கொலுவின் முன்னும் பாடமாட்டாள். யாரேனும் வற்புறுத்தினால் “தொண்டை சரியில்லை” என்பாள். அந்தத் தொண்டை நாற்பதாண்டுகளாகச் சரியாகவில்லை.

கல்லூரி விழாவில் அவள் பாடியது எந்தப் பாடல் என்று அன்று நாம் கேட்கவில்லை. வெகுகாலம் சென்ற பின்னரே அறிந்தோம். 1981இல் வந்த ‘அர்மான்’ என்னும் இந்திப் படத்தின் ‘ரம்பா ஹோ’ பாட்டு. திரையில் ஆடியவர் கல்பனா ஐயர். இசை பப்பி லஹரி. பாடியவர் உஷா உதுப்.

உஷா உதுப் என்ற பெயரைக் கேட்டதும் வடநாட்டவர் என்றோ மலையாளி என்றோ பலர் எண்ணிவிடுகின்றனர். அவர் 1947 நவம்பரில் பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். உதுப் என்பது கேரளத்தைச் சேர்ந்த கணவர் வழியில் வந்த பெயர். பிறந்த வீட்டில் அவர் உஷா சாமி. தந்தை பம்பாய்க் காவல்துறையில் அதிகாரி. தமக்கையர் இந்திராவும் உமாவும் ‘சாமி சகோதரிகள்’ என்ற பெயரில் மேற்கத்திய இசை பாடியவர்கள். உஷா முறையாக இசை பயின்றவரல்லர். பள்ளியில் இசை ஆசிரியை அவரைப் பாட்டு வகுப்பிலிருந்து விலக்கி வைத்தார் என்பதை அவரே பலமுறை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அவ்வகுப்புக்கு அவர் குரல் பொருந்தவில்லையாம்.

அதில் வியப்பில்லை. பெண் குரல் என்றால் மென்மையாக, உச்சத்தில், பட்டு நூல் போல ஓட வேண்டும் என்று நாடு முழுவதும் நம்பிய காலம் அது. உஷாவின் குரலோ மந்தரத்தில் ஊன்றி நிற்பது; ஆண் குரலோ என்று ஒரு கணம் ஐயுற வைப்பது. அத்தகைய குரலுக்குத் திரைப்படத்தில் ஒதுக்கப்பட்ட இடமும் தனி. கதைத்தலைவி மென்குரலில் காதலைப் பாடுவாள். இரவு விடுதியில் ஆடுபவளுக்கே அழுத்தமான குரல். தமிழில் எல்.ஆர். ஈசுவரி அம்மையாருக்கு நேர்ந்ததும் இதுவே. ‘சிவந்த மண்’ படத்தில் சாட்டையொலிக்கு நடுவே அவர் பாடிய ‘பட்டத்து ராணி’யை மறந்தவர் இலர். ஆயினும் அவர் குரலை ஆடல் விடுதிக்கு உரியது என்று ஒதுக்கிய அதே மக்கள், ஆடி மாதம் வந்ததும் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கிகளில் அக்குரலைத்தான் விடியற்காலையில் ஓட விடுகின்றனர்! பம்பையும் உடுக்கையும் முழங்க அக்குரலைக் கேட்டு அருள் வந்து ஆடும் பெண்களைக் குறைத்துப் பேசுவார் எவருமில்லை. விடுதி நடனமும் வேப்பிலை ஆட்டமும் ஒரே தொண்டையில் குடியிருந்ததை நாம் எண்பது வயதில்தான் எண்ணிப் பார்க்கிறோம்.

உஷாவின் தொழில் வாழ்வு தொடங்கியது சென்னையில். அண்ணா சாலையில், அன்றைய மவுண்ட் ரோட்டில், சஃபையர் திரையரங்க வளாகத்தின் கீழ்த்தளத்தில் ‘நைன் ஜெம்ஸ்’ என்றொரு சிறு இரவு விடுதி இருந்தது. திரையரங்கும் இன்றில்லை, விடுதியும் இல்லை. 1969இல் உறவினரோடு அங்குச் சென்ற உஷா, தம் சிற்றன்னையின் தூண்டுதலால் மேடையேறிப் பாடினார் என்பர். உடுத்தியிருந்தது புடவை. இரவு விடுதிப் பாடகி என்றால் மேனாட்டு உடையும் மினுமினுப்பும் என்றிருந்த நாளில், கோயிலுக்குப் புறப்பட்ட மருமகள் போல ஒரு பெண் வந்து நின்று ஆங்கிலப் பாடலைக் கனத்த குரலில் எடுத்தபோது கூட்டம் திகைத்தது. விடுதி உரிமையாளர் அவரை ஒரு வாரம் பாடச் சொன்னார். அந்த ஒரு வாரமே அவர் வாழ்வின் திசையை மாற்றியது.

அதன்பின் பம்பாயில் ‘டாக் ஆஃப் தி டவுன்’. அதன்பின் கல்கத்தாவின் பார்க் தெருவில் ‘டிரிங்காஸ்’. டிரிங்காசில் பாடியபோதுதான் தம் கணவரான ஜானி சாக்கோ உதுப்பைச் சந்தித்தார். காஞ்சிப் பட்டு, தலை நிறையப் பூ, நெற்றியில் பெரிய பொட்டு, கை கொள்ளா வளையல் என்ற கோலத்தை அவர் எந்த மேடைக்காகவும் மாற்றிக்கொள்ளவில்லை. விளம்பரத்துக்காகச் செய்துகொண்ட வேடம் என்று நாம் அந்நாளில் ஏளனம் செய்ததுண்டு. அவர் சொன்ன காரணமோ மிக எளியது. நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் உடுத்திய உடை அது. அதையே மேடையிலும் உடுத்தினார். நாம் ஏளனம் செய்த அந்தப் புடவையை, நம் வீட்டுப் பெண் உடுத்தி அந்த ஓட்டலில் நின்றிருப்பாளே என்ற எண்ணம் 1983இல் நமக்குத் தோன்றவில்லை. மேடை என்றால் எந்த மேடை, உடை என்றால் எந்த உடை என்றெல்லாம் நாம் கேட்கவே இல்லை. ஓட்டல் என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

திரையுலகில் அவர் நுழைந்ததும் விடுதி மேடை வழியேதான். 1970இல் ‘பாம்பே டாக்கி’ என்ற ஆங்கிலப் படத்திற்குச் சங்கர் ஜெய்கிஷன் இசையில் பாடினார். 1971இல் தேவ் ஆனந்தின் ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’ வந்தது. தமிழில் 1975இல் ‘மேல்நாட்டு மருமகள்’ படத்தில் தோன்றிப் பாடியதையும், 1990இல் இளையராஜாவின் இசையில் ‘அஞ்சலி’ படத்திற்குப் பாடியதையும் நம் வாசகர் அறிவர். எனினும் நாட்டையே ஆட வைத்தவை 1980 முதல் 1982 வரை பப்பி லஹரியின் இசையில் வந்த பாடல்கள்தாம். ‘பியாரா துஷ்மன்’, ‘அர்மான்’, ‘டிஸ்கோ டான்சர்’ ஆகிய மூன்று படங்களிலும் அவர் குரல் ஒலித்தது. மெட்டுகளில் சில மேனாட்டுப் பாடல்களிலிருந்து தழுவியவை என்று குறை கூறுவர். உண்மையே. ஆயினும் மெட்டைத் தழுவலாம். அக்குரலைத் தழுவ எவராலும் இயலவில்லை.

டிஸ்கோ என்பது கேட்பதற்கான இசையன்று. ஆடுவதற்கான இசை. நான்கு அடிகளும் ஒரே கனத்தில், நிமிடத்திற்கு ஏறத்தாழ நூற்றிருபது முறை, இதயத்துடிப்பைச் சற்று விரைவுபடுத்தியது போல் விழும். சங்கதிக்கும் நிரவலுக்கும் அங்கு இடமில்லை. பாடகர்க்கு உள்ள ஒரே வேலை, அமர்ந்திருப்பவரை எழுப்புவது. எழுந்தவர் தம் காலையும் துணையையும் பார்ப்பாரேயன்றிப் பாடுபவரைப் பார்ப்பதில்லை. நட்டுவாங்கம் சொல்பவரின் நிலையும் ஏறத்தாழ இதுவே என்று எண்ணுகிறோம். அவர் தாளம் தவறினால் அன்றி அவரை யார் நினைக்கின்றனர்?

உஷா உதுப் புகழின் உச்சியில் இருந்த அக்காலத்தில் கல்கத்தாவில் ஒன்று நடந்தது. 1980களின் தொடக்கம். மேற்கு வங்கத்தின் இடதுசாரி அரசில் பொதுப்பணித்துறை அமைச்சராக இருந்த ஜதின் சக்கரவர்த்தி, இப்பாடகி பரப்புவது பண்பாட்டுச் சீரழிவு என்று கருதி, அரசு அரங்குகளில் அவர் பாடுவதற்குத் தடை விதித்தார். வங்காளிகள் ‘அபசங்கிருதி’ என்ற சொல்லால் அதைக் குறித்தனர். உஷா ஊரை விட்டுப் போகவில்லை. நீதிமன்றம் சென்றார், வழக்கில் வென்றார். கல்கத்தாவையே தம் ஊராகக் கொண்டு அங்கேயே வாழ்கிறார். வங்காள எழுத்தாகிய ‘க’வைப் பொட்டாக நெற்றியில் அணியும் அளவுக்கு அவ்வூர் அவருடையதாயிற்று.

செய்தித்தாளில் அன்று இதைப் படித்தபோது, கலையை ஆணையிட்டு அடக்க முற்பட்ட அமைச்சரை நாம் கண்டித்தோம் என்று எழுத ஆசை. ஆனால் அப்போது நம் மனம் அமைச்சரின் பக்கமே இருந்தது. ‘யாரோ ஒருவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார்’ என்று நண்பரிடம் கூறியதும் நினைவிருக்கிறது. அமைச்சர் அரசாங்க அரங்கை அடைத்தார். நாம் வீட்டுக் கதவை அடைத்தோம். அவர் அடைத்ததை எதிர்த்து வழக்குத் தொடுக்க நீதிமன்றம் இருந்தது.

இந்த ஊருக்கும் டிஸ்கோவுக்கும் உள்ள உறவை அறியாமலே நாம் இங்கு வாழ்ந்தோம் என்பது இன்னொரு வேடிக்கை. பிட்டு அப்பையா பெங்களூரில் பிறந்தவர், குடகுக் குடும்பம். ‘டிரோஜன்ஸ்’ என்ற குழுவில் இங்குப் பாடித் திரிந்தவர் இங்கிலாந்து சென்றார். 1974இல் கார்ல் டக்ளஸ் பாடிய ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ இசைத்தட்டை உருவாக்கி உலகையே ஆட வைத்தார். 1980இல் ‘குர்பானி’ படத்திற்காக அவர் அமைத்த ‘ஆப் ஜைசா கோயி’யை நாசியா ஹசன் என்ற பதினைந்து வயதுச் சிறுமி பாடினாள். அவளை எந்த மாமனும் தடுக்கவில்லை போலும்.

நம் அக்காள் மகளுக்குத் திருமணமாகி ஒரு பெண் பிறந்தாள். நம்மைத் தாத்தா என்று அழைக்கும் அப்பெண்ணுக்கு இன்று முப்பத்தொரு வயது. பகலில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. இரவில், இந்திரா நகரில் நண்பர்களோடு எடுத்திருக்கும் சிற்றறை ஒன்றில் பாடுகிறாள். சென்ற ஆண்டு நம்மை அங்கு அழைத்துச் சென்றாள். ஒலி வெளியேறாதபடி சுவரெங்கும் பஞ்சுப் பலகைகள். நடுவில் ஒலிவாங்கி. எதிரே பாட்டுக்கு அமர்ந்து கேட்போர் ஒருவருமில்லை. பெர்லினில் இருக்கும் இசைஞன் ஒருவன் கணினி வழியே தாளத்தை அனுப்பியிருந்தான். காதில் அதைக் கேட்டபடி இவள் எட்டே சொற்களைப் பாடினாள். பின்பு சொற்களின்றி அகாரத்தில் ஒரு சுற்று. அவ்வளவுதான். அவ்வெட்டுச் சொற்களையும் அவன் வெட்டி, ஒட்டி, மீண்டும் மீண்டும் வரச் செய்து ஆறு நிமிடப் பாட்டாக்குவானாம்.

“இதற்கு ‘ஹவுஸ்’ இசை என்று பெயர் தாத்தா” என்றாள். வீட்டுக்குள் பாடுவதால் வந்த பெயரோ என்றோம். சிரித்தாள். சிகாகோ நகரில் 1977இல் ‘வேர்ஹவுஸ்’ என்றொரு ஆடல் கூடம் தொடங்கப்பட்டதாம். கறுப்பின இளைஞரே பெரும்பாலும் அங்குத் திரண்டனர். ஃபிராங்கி நக்கிள்ஸ் என்பவர் பழைய டிஸ்கோ இசைத்தட்டுகளைத் தம் விருப்பம் போல் இணைத்து விடிய விடிய ஒலிக்கச் செய்தார். அக்கூடத்தின் பெயரின் பின்பாதியே அவ்விசையின் பெயராயிற்று. பின்னர்த் தாளம் தருவதற்கு மின்னணுக் கருவிகள் வந்தன. நம் நாட்டிலும் பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982இல் அத்தகைய கருவிகளைக் கொண்டே பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார் என்றும், அன்று அதைக் கேட்பாரில்லை, 2010இல் மறுவெளியீடு கண்டபோது மேனாட்டார் வியந்தனர் என்றும் கூறினாள். பைரவியும் லலிதமும் அந்தப் பெட்டிகளுக்குள் புகுந்து வெளிவந்ததை அவள் ஒலிக்கவிட்டுக் காட்டினாள். நமக்கு முழுதும் பிடித்தது என்று சொல்ல முடியாது. ஆயினும் இராகம் இராகமாகவே இருந்தது.

நாம் கேட்க விரும்பியது வேறு. “உன் குரலைக் கேட்பவர்க்கு உன் பெயர் தெரியுமா?” என்றோம். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மார்த்தா வாஷ் என்னும் அமெரிக்கப் பாடகியின் வரலாற்றைக் கூறினாள். 1990ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் ஆடல் கூடங்களை அதிர வைத்த ‘பிளாக் பாக்ஸ்’, ‘சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி’ என்னும் இரு குழுக்களின் பாடல்களில் ஒலித்தது அவர் குரல். ஆனால் படக்காட்சியில் அக்குரலுக்கு வாயசைத்தவர்கள் மெலிந்த உடலுடைய வேறு பெண்கள். உறைகளில் மார்த்தா வாஷின் பெயருக்கு இடமில்லை. அவர் பருத்த உடலினர். திரையில் காட்ட ஏற்றவரல்லர் என்று முடிவு செய்தவர் எவரோ. அவரும் நீதிமன்றம் சென்றார். இழப்பீடு பெற்றார். இசைத்தட்டில் பாடியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்னும் நடைமுறை அமெரிக்காவில் வலுப்பெற அவ்வழக்கு காரணமாயிற்று.

வாயசைப்பதில் குற்றமென்ன, நம் திரைப்படங்களில் எண்பதாண்டுகளாக நடப்பதுதானே என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். நாமும் கேட்டோம். நம் நாட்டிலும் தொடக்கத்தில் பெயரில்லை. 1949இல் ‘மகல்’ படப்பாடலின் இசைத்தட்டில் லதா மங்கேஷ்கரின் பெயருக்குப் பதிலாகக் ‘காமினி’ என்று கதாபாத்திரத்தின் பெயரே அச்சிடப்பட்டது. பாடியது யார் என்று மக்கள் வானொலிக்கு எழுதிக் கேட்ட பிறகே பாடுவோர்க்குப் பெயர் வந்தது. பின்னணி என்பதை நாம் ஒரு மரபாகவே ஏற்றுக்கொண்டோம். திருடியதாக அது கருதப்படாமைக்குக் காரணம் அந்தப் பெயரே. இப்பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த வசுந்தரா தாஸ், 1999இல் ‘முதல்வன்’ படத்தில் ‘ஷகலக பேபி’ பாடினார். திரையில் ஆடியவர் சுஷ்மிதா சென். ஆயினும் பாடியவர் யார் என்று அன்றைய கல்லூரி மாணவர் அனைவரும் அறிந்திருந்தனர். ஆட வைக்கும் பாடல்களில் பெயர் பெற்ற அவர் பிற்காலத்தில் இவ்வூரிலேயே மக்களை வட்டமாக அமர்த்தி, இசை அறிந்தவர் அறியாதவர் எல்லாரும் முரசு கொட்டும் நிகழ்ச்சிகளை நடத்தலானார். பேத்தி ஒருமுறை அதில் போய்க் கொட்டிவிட்டுக் கை சிவந்து வந்தாள்.

“அறைக்குள் பாடி அயல்நாட்டுக்கு அனுப்புகிறாயே, இவ்வூரில் மேடை இல்லையா?” என்றும் கேட்டோம். அப்போதுதான் நாம் அறியாதிருந்த மற்றொரு செய்தியும் வந்தது. உணவகங்களில் நேரடி இசைக்குழு பாடுவதற்கும், மக்கள் ஆடுவதற்கும் தனி உரிமம் பெற வேண்டும் என்று 2005இல் பெங்களூர் நகரக் காவல்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. உணவகத்தார் எதிர்த்து வழக்காடினர். ஆணை செல்லும் என்று 2018 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டும், அண்டை வீட்டார் உறங்க வேண்டும், பெண்களைக் கொண்டு தீத்தொழில் நடத்துவோர் அடக்கப்பட வேண்டும் என்பனவெல்லாம் நியாயமே, நாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வாணைக்குப் பிறகு, பல இடங்களில் பாட்டு ஒலித்தது. ஆடலாகாது என்ற அறிவிப்பும் தொங்கியது. “ஆடாமல் எப்படித் தாத்தா இந்தப் பாட்டைக் கேட்பது?” என்றாள். அரங்கேற்று காதையை ஐம்பதாண்டு விரித்துரைத்த நமக்கு விடை கூறத் தெரியவில்லை.

இவ்வளவையும் எழுதத் தூண்டிய நிகழ்ச்சி 2024 சனவரியில் நடந்தது. குடியரசு நாளையொட்டிப் பத்ம விருதுகள் அறிவிக்கப்பட்டன. 2011இல் பத்மஸ்ரீ பெற்றிருந்த உஷா உதுப்புக்குப் பத்ம பூஷண். காலையில் நாம் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தபோது, வார இறுதிக்கு வந்திருந்த அக்காள் மகள் செய்தித்தாளை நான்காக மடித்து, அச்செய்தி மேலே இருக்கும்படி நம் மேசையில் வைத்துவிட்டு உள்ளே சென்றாள். ஒன்றும் சொல்லவில்லை. நாம் படித்தோம். அடுக்களையில் பாத்திரம் உருளும் ஓசை கேட்டது. கதவருகில் சென்று, “அந்தப் பெரியவரை அன்று அனுப்பியிருக்கக் கூடாது அம்மா” என்றோம். அவள் திரும்பவில்லை. “அவர் இறந்து முப்பது வருஷம் ஆகிறது மாமா” என்றாள். அவர் எப்போது இறந்தார் என்பதை அவள் அறிந்து வைத்திருந்தாள் என்பதே நமக்குப் புதிது. பின்பு கேட்டபோது சொன்னாள். வங்கியில் அவர் கணக்கு வைத்திருந்தாராம். ஓய்வூதியம் எடுக்க மாதந்தோறும் வருவார். ஒவ்வொரு முறையும், “இன்னும் பாடுகிறாயா?” என்று கேட்பார். “வீட்டில் பாடுகிறேன்” என்று பொய் சொல்வாளாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பேத்தி மறுவாரம் ஒரு சிறு கருவியோடு வந்தாள். அம்மா அடுக்களையில் வேலை செய்யும்போது தன்னையறியாமல் ஏதோ ஓர் இசைத்துணுக்கை முனகுவாள் என்றும், அது தனக்கு வேண்டும் என்றும் கூறினாள். அக்காள் மகள் மறுத்தாள். தொண்டை சரியில்லை என்றாள். இருவரும் நெடுநேரம் வாதிட்டனர். நாம் அங்கிருந்து எழுந்து ஏரிக்கரைக்குச் சென்றுவிட்டோம். திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. கருவி மேசைமேல் கிடந்தது. பேத்தி நம் காதில் ஒலிப்பானைப் பொருத்தினாள். கனத்த, சற்றே கரகரத்த, அறுபது வயதுக் குரல். சொல் ஒன்றுமில்லை. நான்கு மூச்சு நீளம். கீழ்ச்சுரத்தில் அது போய் நின்ற இடத்தில் நமக்கு உடல் சிலிர்த்தது. 1983இல் அப்பெரியவர் எதைக் கேட்டுப் படியேறி வந்தார் என்று அப்போது விளங்கியது.

சென்ற மாதம் அப்பாட்டு முடிந்தது. வெளியிடுமுன் பெயர்களை எழுதி அனுப்ப வேண்டுமாம். பேத்தி கணினியை மடியில் வைத்துக்கொண்டு, “அம்மா, உன் பெயரை எப்படிப் போடுவது? அப்பா பெயர் முன்னால் வேண்டுமா, தாத்தா பெயரா?” என்று கேட்டாள். அக்காள் மகள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தி நம்மை ஒருமுறை பார்த்தாள்.

“என் பெயர் மட்டும் போதும்” என்றாள். எழுத்துப் பிழை வராமல் இருக்க, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.